அதிர்வின் கணக்கு – 17: கண்டதில் பெரியது, வரக்கூடியதில் பெரியதா?

அணை கட்டப்போகும் பொறியாளரும் அணு உலைக்கு அடித்தளம் போடப்போகும் குழுவும் நிலநடுக்க ஆய்வாளரிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “இந்த வட்டாரத்தில் அதிகபட்சம் எவ்வளவு பெரிய நிலநடுக்கம் வரும்?” அவர்களுக்கு ஓர் எண் வேண்டும். தூணின் தடிமனும் கடல் தடுப்புச் சுவரின் உயரமும் அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். எண் குறைந்துபோனால் உயிர்கள் போகும். அளவுக்கு மீறிக் கூடிப்போனால் செலவு தாங்காமல் கட்டுமானமே நின்றுபோகும்.

சென்ற இதழில், குட்டன்பர்க்கும் ரிக்டரும் 1944-இல் வெளியிட்ட விதியைப் பார்த்தோம். அளவில் ஒரு படி ஏறினால் நிலநடுக்கங்களின் எண்ணிக்கை ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகக் குறையும் என்பது அதன் சாரம். உலகம் முழுவதும் 7-ஐத் தாண்டுபவை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து. 8-ஐத் தாண்டுவது சராசரியாக ஒன்று. வரைபடத்தில் போட்டால் அழகான நேர்கோடு கிடைக்கும். ஆனால் அந்தக் கோடு எங்கே முடிகிறது என்பதை விதி சொல்லவில்லை.

முடிந்தே ஆக வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஒரு படி ஏறும்போது எண்ணிக்கை பத்தில் ஒன்றாகிறது. ஆனால் ஒவ்வொரு நிலநடுக்கமும் வெளிவிடும் ஆற்றல் சுமார் 32 மடங்காகிறது. கோடு முடிவில்லாமல் நீண்டால் மொத்த ஆற்றலும் முடிவில்லாமல் பெருகும். நிலத்தட்டுகளை நகர்த்தும் ஆற்றலோ எல்லைக்கு உட்பட்டது. ஆகவே எங்கோ ஓர் உச்சவரம்பு இருக்கிறது. அது எங்கே என்று தேடியவர்களின் கதை இந்த இதழில். அந்தக் கதை நிலநடுக்கத்தில் தொடங்கவில்லை. பருத்தி நூலில் தொடங்குகிறது.

நூலும் வெள்ளமும்

1920-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பருத்தித் தொழில் ஆய்வுச் சங்கத்தில் எல்.எச்.சி. டிப்பெட் என்ற இளம் புள்ளியியலாளர் வேலை பார்த்தார். நூல் எந்த இழுவிசையில் அறும் என்பது ஆலைக்காரர்களின் அன்றாடக் கவலை. நூலின் சராசரி வலிமை எவ்வளவாக இருந்தாலும் அதன் மிக நலிந்த இடத்தில்தான் அது அறுகிறது. ஆகவே சராசரியை மையமாக வைத்த அன்றைய புள்ளியியல் இங்கே உதவவில்லை. கூட்டத்தின் கடைக்கோடியில் நிற்பவற்றுக்கென்று தனிக் கணக்கு தேவைப்பட்டது.

1928-இல் டிப்பெட்டும் ரொனால்டு ஃபிஷரும் சேர்ந்து அந்தக் கணக்கை எழுதினார்கள். ஏராளமான மதிப்புகளைத் திரட்டி, ஒவ்வொரு தொகுதியிலும் மிகப் பெரியதை மட்டும் பொறுக்கினால், அந்த உச்சங்கள் ஒழுங்காக ஒரு வடிவத்துக்குள் அடங்குமானால், அந்த வடிவம் மூன்றே மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்றார்கள். முதல் வகையில் வால் விரைவாகத் தேய்ந்தாலும் முற்றுப்பெறுவதில்லை. இரண்டாம் வகையில் வால் மிக நீளம். பெரிய மதிப்புகள் மெதுவாகத்தான் அரிதாகின்றன. மூன்றாம் வகையில் வால் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. பிரான்சில் மாரிஸ் ஃப்ரெஷே 1927-லேயே இவற்றில் ஒன்றைக் கண்டிருந்தார். சோவியத் கணிதவியலாளர் க்னெடென்கோ 1943-இல் இதற்கு முழு நிறுவலைத் தந்தார்.

இந்தக் கணிதத்தை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தவர் எமில் யூலியஸ் கும்பெல். 1891-இல் மியூனிக் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஜெர்மனியில் நடந்த அரசியல் கொலைகளை வழக்கு வழக்காக எண்ணி, 1922-இல் நூலாக வெளியிட்டார். வலதுசாரிகள் செய்தவை 354, இடதுசாரிகள் செய்தவை 22 என்று காட்டி, அவற்றுக்கு நீதிமன்றங்கள் தந்த தண்டனைகளில் இருந்த பாரபட்சத்தையும் அட்டவணையாகவே வைத்தார். அந்த அட்டவணையை நாஜிகள் மன்னிக்கவில்லை. 1932-இல் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தும் உரிமையை இழந்தார். 1933-இல் குடியுரிமையையும் இழந்தார். பிரான்சுக்குப் போனார், 1940-இல் அங்கிருந்தும் தப்பி அமெரிக்கா சேர்ந்தார்.

அகதியாக அலைந்த அந்த ஆண்டுகளில்தான் அவர் உச்ச மதிப்புகளின் கணக்கைப் பொறியாளர் கையில் எடுத்துப் பயன்படுத்தும் கருவியாக்கினார். ஓர் ஆற்றில் ஒவ்வோர் ஆண்டும் வந்த மிகப் பெரிய வெள்ளத்தை மட்டும் எடுத்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தி, அதற்கென வகுத்த தாளில் புள்ளிகளாக வைத்தால் அவை ஏறத்தாழ ஒரு கோட்டில் விழும். கோட்டை நீட்டினால், நூறாண்டில் ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க வெள்ளத்தின் உயரத்தைப் படிக்கலாம். 1941-இல் வெள்ளங்களின் மீள்காலம் பற்றிய அவரது கட்டுரை வந்தது. 1958-இல் இத்துறையின் அடிப்படை நூலை எழுதி முடித்தார். மேலே சொன்ன முதல் வகை இன்றும் அவர் பெயரால்தான் வழங்குகிறது.

பாசடீனாவில் ஓர் இணைப்பு

கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரில், குட்டன்பர்க்கும் ரிக்டரும் பணியாற்றிய அதே நிலநடுக்க ஆய்வகத்தில் ஜான் நார்ட்குவிஸ்ட் என்பவர் இருந்தார். 1945-இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் உச்ச மதிப்புகளின் கணக்கை முதன்முதலாக நிலநடுக்க அளவுகளுக்குப் பொருத்தியது. தெற்குக் கலிஃபோர்னியாவின் நிலநடுக்கங்களையும் உலகின் பெரிய நிலநடுக்கங்களையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் உச்சங்கள் கோட்பாடு சொன்னபடியே அமைகின்றன என்று காட்டினார்.

இந்த வழியில் ஒரு பெரிய வசதி இருந்தது. சிறு அதிர்வுகளைப் பதிய நுட்பமான கருவிகள் வேண்டும். அவை பல நாடுகளுக்கு இருபதாம் நூற்றாண்டில்தான் வந்தன. ஆனால் ஓர் ஆண்டின் மிகப் பெரிய நிலநடுக்கம் கருவி இல்லாத காலத்திலும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். அரண்மனைக் குறிப்பிலும் துறைமுக அலுவலரின் கடிதத்திலும் பழைய நாளிதழிலும் பெரியதுதான் இடம்பிடிக்கும். உச்சங்களை மட்டும் கேட்கும் கணக்குக்கு அந்தக் குறைப் பதிவுகளே போதும். ஒரு பேரதிர்வைத் தொடர்ந்து வரும் நூற்றுக்கணக்கான பின்னதிர்வுகளும் கணக்கைக் குழப்புவதில்லை.

இருந்தாலும், நார்ட்குவிஸ்ட்டின் பொருத்தம் ஏன் சரியாக அமைந்தது என்பதற்கு இருபது ஆண்டுகள் கழித்துத்தான் தெளிவான விளக்கம் கிடைத்தது.

பத்து மடங்கு ஆண்டுகள், ஒரு படி உயரம்

பெஞ்சமின் எப்ஸ்டைன் பொருள்களின் ஆயுளைச் சோதிக்கும் புள்ளியியலில் பெயர்பெற்றவர். சின்னா லோம்னிட்ஸ் சிலி நாட்டில் நிலநடுக்க ஆய்வை வளர்த்தவர்களில் ஒருவர். இருவரும் 1966-இல் நேச்சர் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட அனுமானங்கள் இரண்டே. ஒன்று, நிலநடுக்கங்கள் ஒன்றையொன்று சாராமல், காலத்தில் சிதறி வருகின்றன. இரண்டு, அவற்றின் அளவுகள் குட்டன்பர்க்–ரிக்டர் விதிப்படி அமைகின்றன. இவ்விரண்டையும் வைத்துக்கொண்டால், ஆண்டு உச்சங்கள் கும்பெலின் முதல் வகையாகவே வந்து விழும். தனித்தனியாகப் பிறந்த இரண்டு கணக்குகள் உண்மையில் ஒன்றின் இரண்டு முகங்கள் என்பது அப்போது புலப்பட்டது.

இதிலிருந்து எளிய ஒரு விதி கிடைக்கிறது. பத்துக்கு ஒன்று என்ற சராசரி விகிதம் நிலவும் ஒரு வட்டாரத்தில், ஓர் ஆண்டின் உச்சமாகப் பெரும்பாலும் வருவது 6 என்று வைத்துக்கொள்வோம். பத்தாண்டின் உச்சம் 7-ஐ ஒட்டி இருக்கும். நூறாண்டின் உச்சம் 8-ஐ ஒட்டி. ஆயிரம் ஆண்டின் உச்சம் 9-ஐ ஒட்டி. காத்திருக்கும் காலம் பத்து மடங்கானால் எதிர்பார்க்கும் உச்சம் ஒரு படி உயர்கிறது.

இந்த விதியின் பலவீனமும் இதிலேயே தெரிகிறது. பத்தாயிரம் ஆண்டுக்கு 10, லட்சம் ஆண்டுக்கு 11 என்று அது ஏறிக்கொண்டே போகும். நிலநடுக்கத்தின் அளவு, வழுக்கும் பிளவின் பரப்பையும் எவ்வளவு தூரம் வழுக்குகிறது என்பதையும் பொறுத்தது. கருவிகள் கண்டதிலேயே மிகப் பெரியதான 1960 மே 22-இன் சிலி நிலநடுக்கம் 9.5. அதற்கே ஆயிரம் கிலோமீட்டரை ஒட்டிய நீளத்துக்குப் பிளவு வழுக்க வேண்டியிருந்தது. 11 அளவுக்கு இடம் தரும் பிளவு பூமியில் எங்கும் இல்லை. கும்பெலின் முதல் வகைக்கு உச்சவரம்பு கிடையாது, பூமிக்கு உண்டு.

வரம்பைத் தேடி

அடுத்த தலைமுறை மூன்றாம் வகைக்குத் திரும்பியது. 1974-இல் யெகுலால்ப், குவோ ஆகிய இருவரும் எல்லை உடைய அந்த வடிவத்தைக் கொண்டு உலகின் பல வட்டாரங்களுக்கு உச்ச அளவைக் கணித்தார்கள். 1979-இல் பிரிட்டனின் பால் பர்ட்டன் அதே வடிவத்தை வைத்து, தென் ஐரோப்பாவிலிருந்து இந்தியா வரையிலான நிலப்பரப்பின் ஆபத்தை ஆராய்ந்தார். உச்சங்களின் கோடு மேலே போகப்போக வளைந்து, கடைசியில் ஒரு மதிப்பில் படுத்துவிடும். அந்த மதிப்பே வட்டாரத்தின் வரம்பு.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. ஓர் ஆண்டில் பத்துப் பெரிய நிலநடுக்கங்கள் வந்தாலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்பதை விட்டுவிடுகிறீர்களே என்று லியோன் நாபாஃபும் யான் காகனும் 1977-இல் கேட்டார்கள். கிடைப்பதே சொற்பத் தரவு. அதையும் வீணாக்கலாமா என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. இதற்குத் தீர்வாக, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டிய எல்லா நிலநடுக்கங்களையும் கணக்கில் சேர்க்கும் முறைகள் பின்னர் வலுப்பெற்றன. 1975-இல் ஜேம்ஸ் பிக்கண்ட்ஸும், அதற்குச் சற்று முன்னர் பால்கெமாவும் லாரன்ஸ் டி ஹானும் தந்த தேற்றங்கள் அவற்றுக்கு அடித்தளமாயின.

இன்னொரு சிக்கல் அளவுகோலிலேயே ஒளிந்திருந்தது. அன்றைய பட்டியல்களில் பெரிய நிலநடுக்கங்களை மேற்பரப்பு அலைகளின் உயரத்தைக் கொண்டு அளந்தார்கள். எட்டரையை நெருங்கும்போது அந்த அளவுகோல் தேங்கிவிடும். நிலநடுக்கம் எவ்வளவு பெரியதானாலும் எண் அதற்கு மேல் ஏறாது. சிலியின் 9.5 கூட அந்த முறையில் எட்டரையைத் தாண்டவில்லை. பிளவின் பரப்பையும் வழுக்கலையும் நேரடியாகக் கணக்கிடும் புதிய அளவுகோலை ஹிரூ கனமோரி 1977-இல் தந்த பிறகுதான் உண்மை உயரம் தெரிந்தது. பழைய பட்டியல்களை வைத்து உச்சவரம்பு தேடியவர்கள் கண்ட வளைவில் ஒரு பகுதி பூமியுடையதல்ல, அளவுகோலுடையது.

1989-இல் போலந்தின் ஆந்த்ரே கிய்கோவும் நார்வேயின் செல்லெவோல்லும் இந்தத் துறைக்குப் பெரும் பயன் தந்த ஒரு வழியைக் காட்டினார்கள். கருவிகளுக்கு முந்தைய காலத்திலிருந்து உச்சங்களை மட்டும் எடுத்துக்கொள்வது; கருவிகள் வந்த பிறகான காலத்திலிருந்து முழுப் பட்டியலையும் எடுத்துக்கொள்வது; இரண்டையும் ஒரே கணக்கில் இணைப்பது. பழையதன் நீளமும் புதியதன் நுணுக்கமும் சேர்ந்து உதவின. பின்னாளில் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றிய கிய்கோ, 2004-இல் உச்ச அளவைக் கணிக்கும் சூத்திரங்களைத் தொகுத்து எழுதினார். அவை அனைத்துக்கும் பொதுவான வடிவம் இது: கண்டதில் பெரியதை எடுத்துக்கொள், அதோடு ஒரு திருத்தத்தைக் கூட்டு. பட்டியல் சிறியதானால் திருத்தம் பெரியதாகும்.

அவற்றில் மிக எளியது, ராப்சனும் விட்லாக்கும் 1964-இல் சொன்னது. பட்டியலில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள இடைவெளியையே திருத்தமாகக் கூட்ட வேண்டும். நாமே போட்டுப் பார்க்கலாம். அதற்கு வங்கக்கடலை விடப் பொருத்தமான இடம் வேறில்லை.

வங்கக்கடலில் ஒரு சோதனை

1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் தீவருகே கடலடி அதிர்ந்தது. வங்கக்கடலைச் சுற்றி, நாகப்பட்டினம் உள்ளிட்ட துறைமுகங்களில் இருந்த ஓத அளவிகள் அந்தச் சிறு சுனாமியைத் தாளில் பதிந்தன. அந்தப் பழைய பதிவுகளை எடுத்து மொடெஸ்டோ ஓர்டிஸும் ரோஜர் பில்ஹாமும் 2003-இல் ஆராய்ந்து, நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கணித்தார்கள். அதற்கடுத்துப் பெரியது, 1941 ஜூன் 26-இல் அந்தமானில் வந்தது. இன்றைய அளவுகோலில் சுமார் 7.7.

அந்தமான்–நிக்கோபார் பகுதிக்கான பட்டியலை இந்த இரண்டோடு வைத்துக்கொண்டு, 2004 டிசம்பரின் தொடக்கத்தில் ஒருவர் எளிய சூத்திரத்தைப் போட்டிருந்தால் விடை என்ன? 7.9-உடன் இடைவெளியான 0.2-ஐக் கூட்டினால் 8.1.

டிசம்பர் 26 காலையில் வந்தது 9.1, சில கணிப்புகளில் 9.3. வடக்குச் சுமத்திராவிலிருந்து அந்தமானுக்கு அப்பால் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு வழுக்கியது. குறைந்த மதிப்பான 9.1-ஐ எடுத்தாலும், கணக்கு சொன்ன உச்சத்தைப் போல 32 மடங்கு ஆற்றல். இந்தியப் பெருங்கடலைச் சுற்றி இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இலங்கையில் மட்டும் 30,000-க்கும் மேல். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000. அவர்களில் பெரும்பகுதியினர் நாகப்பட்டினம் மாவட்டத்தவர். 1881-இல் சுனாமியைத் தாளில் பதிந்த அதே கடற்கரை.

சூத்திரம் பொய் சொல்லவில்லை. நாம் அதன் விடையில் பாதியை மட்டும்தான் படித்தோம். ராப்சனும் விட்லாக்கும் ஒற்றை மதிப்போடு நம்பிக்கை எல்லையையும் தந்திருந்தார்கள். உண்மையான வரம்பு எதற்குள் இருக்கும் என்று 95 சதவீத உறுதியோடு சொல்ல வேண்டுமானால், இடைவெளியை 19 மடங்காக்கிக் கூட்ட வேண்டும். 0.2-இன் 19 மடங்கு 3.8. 7.9-உடன் கூட்டினால் 11.7. பூமியில் எந்தப் பிளவும் தர முடியாத அளவு! அதாவது, “இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மேல் எல்லையைச் சொல்ல இயலாது” என்பதுதான் சூத்திரத்தின் முழு விடை. 8.1 என்ற முதல் எண் தைரியமாகத் தெரிகிறது, 11.7 என்ற இரண்டாம் எண்தான் நேர்மையானது.

ஏன் இப்படி என்பதை இன்னொரு கணக்கு விளக்கும். அப்படியொரு பேரதிர்வு சராசரியாக 600 ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 1881-இலிருந்து 2004 வரையிலான 123 ஆண்டுப் பட்டியலில் அது இடம்பெறாமல் போவதற்கான நிகழ்தகவு 80 சதவீதத்துக்கும் மேல். ஒரு கோடையில் மட்டும் வந்து மணல் திட்டைப் பார்த்துப் போனவர் காவிரியில் வெள்ளமே வராது என்று சொல்வதற்கும், ஒரு நூற்றாண்டுப் பட்டியலைப் பார்த்து இங்கே எட்டுக்கு மேல் வராது என்று சொல்வதற்கும் வேறுபாடு இல்லை.

600 என்பது வெறும் கற்பனை எண்ணும் அல்ல. தாய்லாந்தின் பிரா தோங் தீவிலும் சுமத்திராவின் ஆச்சே கரையிலும் சதுப்பு மண்ணைத் தோண்டிய இரண்டு குழுக்கள், 2004 சுனாமி விட்டுச்சென்ற மணல் படலத்துக்குக் கீழே, கரிமண்ணுக்கு நடுவே, அதேபோன்ற பழைய மணல் படலங்களைக் கண்டன. பிரா தோங்கில் 2004-க்கு முந்தைய படலம் 550 முதல் 700 ஆண்டுகளுக்கு முன்பு படிந்தது. 2008-இல் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகளும் வெளிவந்தன. எழுத்துப் பட்டியல் மறந்ததை மண் நினைவில் வைத்திருந்தது.

இயற்பியல் தந்த வரம்பும் உடைந்தது

எண்களை நம்ப முடியாவிட்டால் பாறைகளை நம்பலாமே என்று கேட்கலாம். அதையும் செய்தார்கள். ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடங்களில், அமிழும் தட்டு இளமையானதாகவும் வேகமாகவும் இருந்தால் பெரிய நிலநடுக்கம் வரும்; முதியதாகவும் மெதுவாகவும் இருந்தால் வராது என்று லாரி ரஃபும் கனமோரியும் 1980-இல் ஒரு தொடர்பைக் காட்டினார்கள். இருபதாண்டுகளுக்கும் மேலாக அது பாடநூல் கருத்தாக இருந்தது. அந்தமான் பகுதியின் தட்டு முதியது, மெதுவாக நகர்வது. அந்தத் தொடர்பின்படி அங்கே 9 வரக்கூடாது. வந்தது.

2008-இல் ராபர்ட் மெக்கஃப்ரி, நம் பதிவுகள் இத்தகைய நிலநடுக்கங்களின் மீள்காலத்தை விட மிகக் குறுகியவை என்பதால், எந்த அமிழ்வு மண்டலத்தையும் 9-க்குத் தகுதியற்றது என்று ஒதுக்கிவிட முடியாது என்று எழுதினார். மூன்றே ஆண்டுகளில் ஜப்பான் அதற்குச் சாட்சியானது.

உலகிலேயே மிக நீண்ட, மிகத் தரமான நிலநடுக்கப் பதிவுகளை வைத்திருக்கும் நாடுகளில் ஜப்பான் ஒன்று. மியாகி மாநிலக் கரைக்கு அப்பால், முப்பது ஆண்டுகளுக்குள் 7.5 அளவிலான நிலநடுக்கம் வருவதற்கு 99 சதவீத வாய்ப்பு என்று அரசு மதிப்பீடு அறிவித்திருந்தது. இருபதாம் நூற்றாண்டிலும் அதற்கு முந்தைய இரண்டு நூற்றாண்டுகளிலும் அங்கே வந்தவற்றை வைத்துப் பார்த்தால் நேர்த்தியான கணிப்பு. 2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு வந்தது 9.0. இறந்தோரும் காணாமற்போனோரும் 18,000-க்கு மேல். ஃபுகுஷிமா அணுமின் நிலையம் 5.7 மீட்டர் உயரச் சுனாமிக்குத் தயாராக இருந்தது. வந்த அலையோ 14 மீட்டரைத் தொட்டது.

கி.பி. 869-இல், ஜோகன் எனப்படும் காலகட்டத்தில், அதே கரையை ஒரு பெருஞ்சுனாமி தாக்கியதை ஜப்பானிய அரசவை வரலாறு பதிந்து வைத்திருந்தது. கோஜி மினோரா முதலிய ஆய்வாளர்கள் செண்டாய் சமவெளியின் வயல்களுக்கு அடியில், கரையிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் உள்ளே, அந்தச் சுனாமியின் மணலை 1991-லேயே கண்டுபிடித்திருந்தார்கள். 2001-இலும் எழுதினார்கள். சான்று இருந்தது, வடிவமைப்பு எண்ணாக மாறும் முன் அலை வந்துவிட்டது.

நிலத்தட்டின் ஓரத்தில் மட்டுமே இந்தப் பிழை நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மகாராஷ்டிரத்தின் கில்லாரியில் 6.2 அளவு நிலநடுக்கம் ஏறத்தாழ 10,000 பேரைக் கொன்றது. அப்போதைய இந்திய வரைபடத்தில் அந்த ஊர் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் மண்டலத்தில் இருந்தது. 2002-இல் திருத்திய தரநிலையில் முதல் மண்டலமே நீக்கப்பட்டது. சென்னையும் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு ஏறியது. கண்டதில் பெரியதை நம்பி வரைந்த கோடுகளை, காணாத ஒன்று வந்த பிறகு திருத்தினோம்.

கேள்வியையே மாற்றியவர்கள்

இந்த அடிகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் இன்னும் நுட்பமான சூத்திரத்தைத் தேடுவதோடு நிற்கவில்லை. கேள்வி சரிதானா என்று பார்க்கத் தொடங்கினார்கள்.

ஜெர்மனியின் போட்ஸ்டாமில் மத்தியாஸ் ஹோல்ஷ்னைடரும் கெர்ட் ஸோலரும் செபாஸ்டியான் ஹைன்ஸ்லும் 2011-இல் ஒரு முடிவை நிறுவினார்கள். நிலநடுக்கப் பட்டியலைத் தவிர வேறு எந்தத் தகவலும் இல்லாவிட்டால், உச்ச அளவுக்கு நாம் கேட்கும் உறுதியோடு மேல் எல்லை வைக்க முயலும்போது, நடைமுறையில் உள்ள பெரும்பாலான பட்டியல்களுக்கு அந்த எல்லை முடிவிலிக்குப் போய்விடுகிறது. நாம் மேலே கண்ட 11.7-இன் பொது வடிவம் இது. வளைந்து படுக்கும் கோடும் வளையாமல் ஏறும் கோடும், நம்மிடம் தரவு உள்ள தூரம் வரை ஒன்றாகவே தெரிகின்றன. பிரிவது தரவு இல்லாத இடத்தில்.

ரஷ்யாவின் விளாடிலென் பிசரென்கோவும் மிகயில் ரோட்கினும், அவர்களோடு டிடியர் சோர்னெட்டும் மாற்றுக் கேள்வியை முன்வைத்தார்கள். “எக்காலத்துக்கும் அதிகபட்சம் என்ன?” என்று கேட்காதீர்கள். “வரும் 50 ஆண்டுகளில், பத்தில் ஒன்பது வாய்ப்பு உறுதியோடு, எந்த அளவைத் தாண்டாது?” என்று கேளுங்கள். இந்த இரண்டாம் கேள்விக்கு உச்ச மதிப்புகளின் கணக்கு நிலையான விடை தரும். பட்டியலில் ஒரு புதிய நிலநடுக்கம் சேர்ந்தாலும் விடை தாறுமாறாகக் குதிக்காது. முதல் கேள்வியின் விடையோ ஒவ்வொரு பேரதிர்வுக்குப் பின்னும் குதிக்கும்.

இந்த மாற்றம் வெறும் கணித நுணுக்கம் அல்ல. ஓர் எண்ணோடு காலமும் உறுதியும் சேர்ந்து வரும்போது பொறுப்பும் சேர்ந்து வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு 50 ஆண்டு போதுமா, அணு உலைக்குப் பத்தாயிரம் ஆண்டு வேண்டுமா என்பதைச் சூத்திரம் தீர்மானிக்காது. அங்கே வாழப்போகும் மக்களும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அரசும்தான் தீர்மானிக்க வேண்டும். “அதிகபட்சம் 8.1” என்று காலமும் பிழை எல்லையும் இல்லாமல் ஒரு கோப்பில் எழுதும்போது, அந்தத் தீர்மானத்தை யாரும் கவனிக்காமல் யாரோ எடுத்துவிடுகிறார்கள்.

ஆகவே இந்த வரலாறு நமக்குத் தரும் கடமைகள் எளியவை. உச்ச அளவு என்று ஓர் எண்ணை யார் தந்தாலும், எத்தனை ஆண்டுப் பட்டியலிலிருந்து, எத்தனை ஆண்டுக் காலத்துக்கு, எவ்வளவு உறுதியோடு என்று மூன்றையும் கேட்க வேண்டும். பட்டியலை நீட்டும் வேலைக்குப் பணமும் ஆளும் ஒதுக்க வேண்டும். வங்கக்கடலின் கரைச் சதுப்புகளைத் தோண்டுவதும், பழைய ஓத அளவித் தாள்களைப் பாதுகாத்து எண்மயமாக்குவதும், துறைமுகக் குறிப்புகளை வாசிப்பதும் எந்தப் புதிய சூத்திரத்தையும் விட மதிப்பு மிக்கவை. நலிந்த இழையைத் தேடிய டிப்பெட்டும், உயிருக்கு அஞ்சாமல் எண்ணிய கும்பெலும் தந்த கணக்கு வலுவானது. அதற்கு நாம் தரும் காலம்தான் குட்டையாக இருக்கிறது. ஒரு நூறாண்டை ஆயிரம் ஆண்டாக நீட்டித் தரும் ஒவ்வொரு மணல் படலமும் ஒரு கரையோர ஊரைக் காக்கும்.

இதுவரை பார்த்தவை பூமி தானாக அதிர்ந்த கதைகள். மனிதர் தரைக்கடியிலிருந்து எரிவாயுவை உறிஞ்சி எடுத்ததால் அதிரத் தொடங்கிய நிலம் ஒன்றும் உண்டு. நெதர்லாந்தின் குரோனிங்கனில் 2012-இல் வந்த 3.6 அளவு நிலநடுக்கம், இதே கணக்கை வீட்டுச் சுவர்களின் விரிசலுக்கும் நாடாளுமன்றத்துக்கும் கொண்டுபோனது. அந்தக் கதை அடுத்த இதழில்.

(தொடரும்)